பத்தொன்பது இழை

இரண்டாவது இழை அறுந்தபோது மொராயிஸ் மாமாவின் பெண்சாதி விமலா அத்தை அடுப்படியில் நின்று புளி கரைத்துக்கொண்டிருந்தாள், நின்ற நிலையிலேயே, கொடி அறுந்த ஈரத்துணி மாதிரி, தரையோடு தரையாகச் சரிந்தாள், தூக்கி நிறுத்தினார்கள், நிற்கவில்லை, உட்காரவைத்தார்கள், உட்காரவில்லை, சுவரில் சாத்தினார்கள், சுவரிலிருந்து வழிந்து இறங்கினாள். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "என்னைய பிறவு பாக்கலாம், மொதல்ல அடுப்ப அணைங்கடி" என்று கிடந்த இடத்திலிருந்தே சொன்னாளாம்.

நான் அப்போது கரையில் எங்கள் வள்ளத்துக்குள் குந்தியிருந்தேன். என் காதுக்கு இரண்டு சாண் தள்ளிப் பாய்மரக் கம்பி "டிண்" என்றது. அவ்வளவுதான் சத்தம், எவர்சில்வர் தம்ளரை நகத்தால் சுண்டினால் வருமே, அவ்வளவு. ஆனால் ஈச்சமுனை முழுக்க அது கேட்டது. கேட்டதும் ஊரில் ஒவ்வொருத்தரும் செய்த முதல் காரியம் தன் முதுகைத் தொட்டுப் பார்த்ததுதான். நான் முதுகைத் தொடவில்லை. பயத்தில் எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அது என்ன சத்தம், ஏன் வந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் டெல்வின். வயசு பதினேழு. பத்தாம் கிளாசில் கணக்குப் பரீட்சையில் பதினொரு மார்க் வாங்கினேன், அத்தோடு நின்றேன், அதற்காக யாரும் அழவில்லை, நானும் அழவில்லை. பிறகு தூத்துக்குடியில் கன்டெய்னர் கட்டுகிற கம்பி செய்யும் பட்டறை ஒன்றில் பத்து மாசம் இருந்தேன். பட்டறை அண்ணாச்சி ஒரு விஷயத்தைத் தினமும் சொல்வார், சொன்னதையே சொல்கிறாரே என்று எனக்குக் கடுப்பாகி, ஒருநாள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அவர் தினமும் சொன்ன அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வள்ளத்தில் பாய்மரத்தை மூன்று கயிறுகள் பிடித்து நிறுத்தியிருந்தன, முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. பாயை ஏற்றி இறக்குகிற கயிறுகள் வேறே, அவை ஓடும். இவை ஓடாது, நிற்கும், இவை நிற்பதால்தான் மரம் நிற்கும். எல்லாம் பழைய நைலான், வெயிலில் நரைத்து முறுக்கு விட்டுப்போனவை. காற்று கொஞ்சம் கூடினால் மிட்டாய் மாதிரி இழுபட்டு மரத்தைச் சாயவிடும், மரம் சாய்ந்தால் பாய் பிடித்த காற்றையெல்லாம் கொட்டிவிடும். மாதா திருவிழாப் பந்தயத்தில் போன வருசம் நாலாவதாக வந்தோம், அதற்கு முந்தின வருசமும் நாலாவது. அப்பா காற்றைத் திட்டினார். காற்றில் தப்பில்லை, கயிற்றில்தான் தப்பு, பெரிய பாய்க்கப்பல்காரன் போடுவது மாதிரி எஃகுக் கம்பி போடுவோம் என்று நான் சொன்னேன். அப்பா பெயர் கஸ்பார், பேச்சில் சிக்கனமானவர். "போடு. மரம் விழுந்தா உன் தலையில விழட்டும்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

கம்பி பத்தொன்பது இழை. பத்தொன்பது தனித்தனி எஃகு இழைகளைச் சேர்த்து முறுக்கிய ஒரே கம்பி, சுண்டுவிரலில் பாதிக் கனம், இரண்டு லாரி தொங்கினாலும் தாங்கும் என்று விற்றவன் சொன்னான். மேல்முனையை மரத்தின் தலையில் மாட்டினேன், கீழ்முனையை வளைத்து கிளாம்ப் போட்டேன், அதை டர்ன்பக்கிளில் கோத்தேன். டர்ன்பக்கிள் என்பது இரண்டு பக்கமும் மரை போட்ட ஒரு இரும்புக் கூடு. ஸ்பேனரை வைத்து வலப்பக்கம் திருப்பினால் கம்பி இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். மூன்று கம்பியிலும் ஒவ்வொன்றாக, சமமாகத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

முதல் சுற்றில் எங்கள் வீட்டுக் கதவு சரியாகச் சாத்தியது. ஏழு வருசமாகச் சாத்தாத கதவு. தெருவில் மற்ற கதவுகளும் சாத்தின, ஜன்னல்கள் சாத்தின, டீக்கடை பெஞ்சு ஆட்டத்தை நிறுத்தியது. இரண்டாவது சுற்றில் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்த தென்னைகள் நிமிர்ந்தன, பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் நிமிர்ந்தது, கோபுரத்துச் சிலுவை, சுனாமி வருசத்திலிருந்து ஒரு பக்கமாகத் தலை சாய்த்திருந்தது, நேரே வந்தது. மூன்றாவது சுற்றில் மனுசர்கள் நிமிர்ந்தார்கள். வலை இழுத்து இழுத்துக் கூனிப்போன மச்சாது தாத்தா முப்பது வருசத்துக்குப் பிறகு எதிரே வருபவன் முகத்தைப் பார்த்து, "நீ யாருலே?" என்று கேட்டார். அது அவர் மகன். கழுத்து ஒடிந்த மாதிரி நடக்கும் விமலா அத்தை கழுத்தைத் தூக்கினாள். ஜெனோவா மைனியின் மூன்று மாசப் பிள்ளை தொட்டிலுக்குள் எழுந்து நின்று, சேலையை இரண்டு கையாலும் விலக்கி, எல்லோரையும் இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தது.

எங்கள் வீட்டில் ரெமிஜா அக்கா எழுந்து நின்றாள்.

நாலு வருசம் முன்னால் ஐஸ் வேன் கவிழ்ந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே போயிற்று. தரையில் கை ஊன்றி ஊன்றித்தான் எங்கேயும் போவாள். தையல் மிஷினைத் தரையில் இறக்கி வைத்து, மோட்டார் மாட்டி, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைப்பாள், தைத்துக்கொண்டே என்னைத் திட்டுவாள். மூன்றாவது சுற்றில் மிஷின் சத்தம் நின்றது. ஸ்பேனரோடு ஓடி வந்து பார்த்தேன். அக்கா அடுப்படி அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். "அம்மா," என்று கத்தினாள், "இங்க ஒளிச்சு வச்சுத்தான் இத்தன நாளா எனக்குத் தராம இவனுக்கு மட்டும் முந்திரி குடுத்தியா?"

இது எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, மரம் நிமிர்ந்தால் ஊர் நிமிர்ந்தது, அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஊரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஃபாதர் பிஷப் இல்லத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை, பதில் வராததும் ஒரு பதில்தான் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். பக்கத்து ஊர்களிலிருந்து கூன் விழுந்தவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வள்ளத்தைச் சுற்றி உட்காரவைத்தார்கள், ஒருத்தரும் நிமிரவில்லை. நம்ம கோயில் தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குத்தான் பலிக்கும் என்று கோயில் மணியடிக்கிற கோயில் பிள்ளை சொன்னார். "அப்ப எனக்கு எப்படிவே பலிச்சுது? நான் சுடலைக்குப் பொங்கல் வைக்கிறவன்" என்று பலசரக்குக்கடை செல்லையா அண்ணாச்சி நேராக நின்று கேட்டதும் கோயில் பிள்ளை வாயை மூடிக்கொண்டார். வள்ளம் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர்க் கமிட்டி தீர்மானம் போட்டது. அதற்கு ஈடாக அப்பாவுக்கு வீட்டுக்கு வீடு மீன் வந்தது. கரையில் வள்ளத்துக்கு நிழலாகக் கொட்டகை போட்டார்கள், பாய்மரம் வெளியே நீட்ட ஓலையில் ஓட்டை வைத்தார்கள், காவலுக்கு முறை வைத்து இரண்டு இரண்டு ஆளாக உட்கார்ந்தார்கள்.

பிறகு ஆசை வந்தது. மொராயிஸ் மாமா ஊர்த் தலைவர், அவர்தான் சொன்னார், மூன்று சுற்றுக்கே இப்படியென்றால் நாலு சுற்றுக்கு எப்படி இருக்கும் என்று. நாலாவது சுற்றைப் போட்டேன். அன்று கடலுக்குப் போன முப்பது வள்ளமும் ஒரு மீன் இல்லாமல் திரும்பி வந்தன, ஏனென்றால் ஊரில் இருந்த தூண்டில் முள் அத்தனையும் நேராகி ஊசிகளாகக் கிடந்தன. பூசையில் யாராலும் முழங்கால் போட முடியவில்லை, முன்னூறு பேர் கம்பம் மாதிரி நின்றபடி "என் பாவமே" சொன்னார்கள். கிழவி ஒருத்தி செருப்பை எடுக்கக் குனிய முடியாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை கோயில் வாசலில் நின்றாள். அரைச் சுற்று இறக்கினேன். மூன்றரையில் குனியலாம், ஆனால் குனிந்தால் யாரோ பின்னாலிருந்து நிமிர்த்துகிற மாதிரி உடம்பு தானே எழும்பும். மூன்றரை போதும் என்று கமிட்டி முடிவு செய்தது, டர்ன்பக்கிளின் மேல் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்கள்.

என் பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. கோடு போடும்போது கிளாம்பைப் பார்த்தேன்.

யூ கிளாம்ப் என்றால் ஒரு வளைவும் ஒரு பல்லுக்கட்டையும். கம்பியை வளைத்துக் கட்டும்போது ஒரு நீளமுனை, ஒரு குட்டைமுனை. பாரத்தைத் தாங்குவது நீளமுனை, அதன் மேல் பல்லுக்கட்டை உட்கார வேண்டும், அது கம்பியை மெத்தை மாதிரி ஏந்தும். வளைவு குட்டைமுனை மேல்தான் வர வேண்டும், ஏனென்றால் வளைவு கம்பியை நசுக்கும். பட்டறை அண்ணாச்சி தினமும் சொன்னது இதுதான். "மாத்திப் போட்டுறாதலே, மாத்திப் போட்டா ஒடனே தெரியாது, ஒவ்வொரு இழையாத்தான் போகும்" என்பார். கரைப்பக்கத்துக் கம்பியில் மூன்று கிளாம்பும் மாற்றிப் போட்டிருந்தேன். வளைவு நீளமுனையை நசுக்கிக்கொண்டிருந்தது. கம்பி மாட்டிய அன்று மத்தியானம் பசி, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று போட்டது. வேறு காரணம் கிடையாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைக் கொன்றிருக்க மாட்டார்கள். ஆனால் கழற்றிப் போடச் சொல்வார்கள், கழற்ற வேண்டுமென்றால் கம்பியைத் தளர்த்த வேண்டும், தளர்த்தினால் அக்கா. எனவே வாயை மூடிக்கொண்டு, காவல் முறை இல்லாத நாளிலும் கொட்டகைக்குப் போய், வள்ளத்துக்குள் குந்தி, அந்தக் கிளாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தால் கம்பி முனகும். மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று பலக்க பலக்க முனகல் மேலே மேலே போயிற்று. மற்றவர்களுக்கு அது ஜெபம் மாதிரி இருக்கிறது என்றார்கள், பெண்கள் வந்து அதன் சுருதிக்கு மாதா பாட்டுப் பாடினார்கள். எனக்கு அது பல்லைக் கடித்துக்கொண்டு பாரம் தூக்குகிறவன் சத்தமாகக் கேட்டது.

முதல் இழை போன திங்கள்கிழமை போயிற்று. "டிண்". மச்சாது தாத்தா டீக்கடையில் நேராக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பெஞ்சிலிருந்து கீழே வழிந்தார். முன்னால் கூனனாக இருந்தார், ஆனால் நடந்தார், வலை பின்னினார், சண்டை போட்டார். இப்போது பாயில் மல்லாந்து கிடக்கிறார், தலையைக்கூடத் திருப்ப முடியாது, ஈ உட்கார்ந்தால் யாராவது ஓட்ட வேண்டும். பழையபடி ஆகவில்லை, பழையதைவிட மோசமாக ஆனார். நான் கிளாம்பைப் பார்த்தேன். வளைவுக்கு அடியில் ஒரு இழை அறுந்து மீன்முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காமல் அதன் மேல் கிரீஸ் அப்பினேன்.

புதுக் கம்பி ஒன்றைப் பக்கத்திலேயே மாட்டி, பாரத்தை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கழற்றலாம் என்று யோசித்தேன். செவ்வாய்க்கிழமை செய்தும் பார்த்தேன், கம்பிக்கு எண்ணெய் போடுகிறேன் என்று காவல்காரர்களிடம் பொய் சொன்னேன். புதுக் கம்பி பாரத்தை வாங்கி, பழையது ஒரு நூல் அளவு தளர்ந்ததுதான் தாமதம், தெருவில் கூச்சல் கேட்டது, பள்ளிக்கூடத்து மேற்குச் சுவரில் வெடிப்பு ஓடியது, வீட்டு வாசலில் அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மடங்குவது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. புதுக் கம்பி மரத்தைத்தான் பிடித்தது, ஊரைப் பிடிக்கவில்லை. ஊரைப் பிடித்திருந்தது பழையதுதான். அவசரமாகத் திருப்பிப் பழைய கோட்டுக்கே கொண்டுவந்தேன், கையெல்லாம் வேர்வை, ஸ்பேனர் இரண்டு தரம் நழுவியது. புதுக் கம்பியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

இன்று இரண்டாவது இழை. திங்கள், சனி. ஐந்து நாள். கம்பியில் ஒரு இழை போனால் அதன் பாரத்தை மிச்ச இழைகள் வாங்கும், மூன்றாவது அதைவிடச் சீக்கிரம் போகும், நாலாவது இன்னும் சீக்கிரம், கடைசியில் எல்லாம் ஒரே மூச்சில். கணக்கில் பதினொரு மார்க் வாங்கியவனுக்கே புரிகிற கணக்கு.

மொராயிஸ் மாமா செருப்பில்லாமல் ஓடி வந்தார். கூட இருபது முப்பது பேர். மாமா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், எப்போதும் அதட்டுகிற மனுசர், இன்றைக்குக் கெஞ்சினார்.

"டெல்வினு, ஒரு அரைச் சுத்து போடு மக்கா. கம்பி எளகியிருக்கு, அதான் விழுந்துட்டா. இறுக்குனா எந்திரிச்சிருவா."

"எளகல, மாமா."

"ஒனக்கு எப்படிலே தெரியும்? போடச் சொன்னா போடு."

"தூண்டில் முள்ளெல்லாம்..." என்று பின்னாலிருந்து ஒருத்தர் இழுத்தார்.

"முள்ளத் தூக்கிக் கடல்ல போடும்வே! எம் பெண்டாட்டி ஈரச்சாக்கு மாதிரிக் கெடக்கா, இவருக்கு முள்ளு!"

சண்டை வந்தது. இறுக்கு என்றார்கள் பாதிப் பேர், தொடாதே என்றார்கள் பாதிப் பேர், இரண்டு கட்சியும் நெஞ்சை நிமிர்த்தி நிமிர்த்திச் சண்டை போட்டது, வேறு மாதிரிச் சண்டை போட அவர்களால் முடியாது. அப்பா ஒரு ஓரத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். கடைசியில் ஃபாதர் வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி கூடிப் பேசலாம் என்று எல்லோரையும் கிளப்பினார். மாமாவைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். காவல்காரர்கள் இருவரும் விமலா அத்தையைப் பார்க்க அவர்கள் பின்னாலேயே போனார்கள். கொட்டகையில் நான் மட்டும்.

உச்சி வெயில். கரை வெறிச்சென்று கிடந்தது. அக்கா வீட்டிலிருந்து நடந்து வந்தாள். செருப்பில்லாமல், மணலில், கால் மாற்றி மாற்றித் துள்ளித் துள்ளி வந்தாள்.

"மண்ணு என்னமா சுடுது லே," என்றாள் சிரித்துக்கொண்டு. பிறகு கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. "எங்க தப்பா போட்டிருக்க?"

"என்னது?"

"அஞ்சு நாளா பொரிச்ச மீனத் தட்டுல மிச்சம் வைக்கிற. நீ செஞ்ச தப்பாத்தான் இருக்கும். காட்டு."

கிரீஸைத் துடைத்துக் காட்டினேன். நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முனைகளையும் அவள் விரலால் தொட்டாள், ஊசி முனையைப் பதம் பார்க்கிற மாதிரி. கிளாம்பைப் பற்றிச் சொன்னேன், அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன், எனக்குப் பசித்ததைச் சொன்னேன், புதுக் கம்பியைச் சொன்னேன். இதுவரை வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அழவும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அடுத்தது எப்ப?"

"நாளைக்கு. நாளான்னைக்கு. காத்து பலத்தா இப்பவே."

"யாருக்கு?"

"யாருக்குன்னு தெரியாது."

கம்பி முனகியது.

"தளத்து," என்றாள்.

"தளத்துனா நீ..."

"நான் பழையபடி ஒக்காருவேன். எனக்கு அது பழக்கந்தான. மிஷின் ஓட்டலாம், மீன் அரியலாம், ஒன்னத் திட்டலாம். மச்சாது தாத்தா மாதிரிக் கெடந்தா ஈய ஓட்டக்கூட ஒன்னத்தான் கூப்பிடணும், நீ என்னைக்குக் கூப்பிட்ட ஒடனே வந்திருக்க?"

"ஒனக்குத்தான் அறும்னு என்ன இருக்கு? வேற யாருக்காவது..."

வாயிலிருந்து அது வந்துவிட்டது. அக்கா அதற்குக் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி, வேற யாருக்கோன்னே வச்சுக்க. ஜெனோவா பிள்ளைக்குன்னு வச்சுக்க. கைப்பிள்ளை. பரவால்லையா?"

நான் அந்த இரண்டு முனை மேலும் கிரீஸைத் திரும்ப அப்பினேன்.

"கமிட்டி கூடுனா விட மாட்டாங்க, இறுக்கத்தான் சொல்லுவாங்க. இப்ப யாரும் இல்ல. நான் விழுறதப் பாக்க ஒனக்குப் பயமா இருக்கு, அதான? இரு."

அவள் வள்ளத்துக்குப் பக்கத்தில், நிழல் விழுந்த இடமாகப் பார்த்து, உட்கார ஆரம்பித்தாள். மூன்றரைச் சுற்றில் அது லேசில்லை. உடம்பு திரும்பத் திரும்ப எழும்பியது. ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலை அழுத்தி மடக்கி, பல்லைக் கடித்து, இரண்டு தரம் எழும்பி, மூன்றாம் தரம் மணலில் உட்கார்ந்தாள். கால்களை ஒரு பக்கமாக மடித்து, நைட்டியை இழுத்து அவற்றின் மேல் மூடி, மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா, ஒக்காந்துட்டேன். இனி நான் விழ எடமே இல்ல. மூணரைச் சுத்து லே. மெதுவா. மூணு கம்பியும் சமமா. மத்தவங்க பத்திரமா ஒக்கார நேரம் குடுத்துத் தளத்து."

ஸ்பேனரை எடுத்துக் கரைப்பக்கத்து டர்ன்பக்கிளில் மாட்டினேன். இடப்பக்கம் திருப்பினால் போதும், ஒரு விரல் பலம் போதும். காற்று கொஞ்சம் ஏறியது, கம்பி ஒரு கட்டை மேலே போயிற்று, மிச்சம் பதினேழு இழையும் என் மணிக்கட்டில் நடுங்கின. அக்கா அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம், செய்யி" என்றாள். அவள் கைக்கு அடியில், துணிக்கு அடியில், அந்த முழங்கால்கள் இரண்டும் எழுந்திருக்கத் திமிறிக்கொண்டிருந்தன.

நான் திருப்பவில்லை.